பூட்டிய தொட்டியும் இங்குஷ் தோழியும்: வாடிப்பட்டி மலையடியில் ஒரு காலை

ஜனவரியில் மதீனா மதுரைக்கு வந்தாள். ரஷ்யாவில் என்னோடு மருத்துவம் படித்தவள். காகசஸ் மலையின் இங்குஷ் இனத்துப் பெண். "செச்சென்தானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இரண்டும் அக்கா தங்கை இனங்கள்தான், ஆனாலும் அவள் முகம் சிவந்துவிடும். கோயில், மகால் எல்லாம் அப்புறம், முதலில் மலையடி ஊர் ஒன்றைக் காட்டு என்றாள். காரணம் இருக்கிறது. 1944இல் சோவியத் அரசு இங்குஷ், செச்சென் மக்களை மொத்தமாக ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தியது. வருடங்கள் கழித்துத் திரும்பியவர்களில் பலரை மலையூர்களில் மீண்டும் குடியேற விடவில்லை. அவள் குடும்பத்து ஊரில் இன்று கல் கோபுரங்கள்தான் நிற்கின்றன. சில வருடங்களுக்கு முன் எல்லையை மாற்றி வரைந்ததில் அதுவும் செச்சென் பக்கம் போய்விட்டது.

ஆரப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து. வாடிப்பட்டிக்குச் சுமார் 25 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து சிறுமலை அடிவாரத்துக்கு ஆட்டோ, போக வர அறுநூறு ரூபாய். ஓட்டுநர் செல்வம் அண்ணன் எண்ணூறில்தான் ஆரம்பித்தார்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. நுழைவிலேயே கூட்டம்.

"எறங்காதீக," என்றார் செல்வம் அண்ணன். "ஊராட்சிய ரெண்டாப் பிரிச்சுட்டாக. தண்ணித் தொட்டி மேலத்தெருப் பக்கம் போயிருச்சு. கீழத்தெருவுக்கு ரெண்டு நாளாத் தண்ணியில்ல."

தொட்டி வால்வைப் பூட்டிவிட்டு முன்னால் நின்றவர் மேலத்தெரு முருகேசன். கடப்பாரையோடு வந்தவர் கீழத்தெரு பாண்டி, முருகேசனின் தங்கையைக் கட்டியவர்.

"தள்ளு மச்சான். பூட்ட ஒடைக்கப் போறேன்."

"தொட்டுத்தான் பாரேன் மாப்ள!"

கடப்பாரை உயர்ந்தது. திரும்பினால் மதீனாவைக் காணோம். ஓடிப்போய், தலையில் கட்டியிருந்த துணியை உருவி, இருவருக்கும் நடுவே தரையில் வீசியிருந்தாள்.

நான் கத்தினேன்: "அண்ணே, இவுக ஊருல ஒரு பொம்பள தலைத்துணிய நடுவுல போட்டா, அதத் தாண்டி யாரும் சண்ட போட மாட்டாக!"

"அது அவுக ஊரு வழக்கம்மா. நமக்கென்ன?" என்று பாண்டி காலைத் தூக்கினார்.

காலிக் குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண் விறுவிறுவென்று வந்தார். பாண்டியின் மனைவி. குடத்துக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை உதறி மதீனாவின் துணிக்குப் பக்கத்தில் போட்டார். "இந்தா, நம்ம ஊருத் துணியும் போட்டாச்சு. புருசனோ, அண்ணனோ, இப்பத் தாண்டுங்க பாப்போம்!"

யாரும் தாண்டவில்லை. முருகேசன் தங்கையின் காலிக் குடத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். மலையேறுவதானால் வனத்துறையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம். வந்த வண்டியையே நிறுத்தி வையுங்கள். ஊராட்சிப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

திரும்பும் வழியில் மதீனாவிடம் கேட்டேன், உங்கள் எல்லையை மாற்றியபோது யாரும் துணி வீசவில்லையா என்று.

"வீசத் தயாராகத்தான் இருந்தோம்," என்றாள். "கோடு போட்டவர்கள் எங்கள் எதிரே வந்து நிற்கவே இல்லையே."