இரண்டு ஷேடு ஏற்றிய மணப்பெண்

என் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு மண்டபத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ அல்ல. அவள் முகத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி.

அந்த முகத்தில் குறை ஒன்றும் இல்லை. நல்ல கறுப்பு. நான், என் தம்பி, அவன் மகள் மூன்று பேரும் ஒரே டிகாஷன். ஆனால் கடலூரில் ஒரு பெண்ணைக் கறுப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாநிறம் என்பார்கள். அதற்கும் கீழே இறங்கினால் 'களையான முகம்'. நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றைச் சொல்லாமல் சொல்வதற்கு என்னென்ன வாசகங்கள் உண்டு என்பது எனக்கு அத்துபடி. கோப்பில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினால் நடக்காது என்று பொருள். 'களையாக இருக்கிறாள்' என்பதும் அதே இனத்தைச் சேர்ந்த குறிப்புதான். சிவப்பான பெண்ணைப் பார்த்து அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு அந்த ஆறுதல் தேவைப்படுவதில்லை.

பெண் சிதம்பரத்தில் பிசியோதெரபிஸ்ட். மாப்பிள்ளை புவனகிரிக்காரர், அதே ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவு. தினமும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்பதால் அவள் நிறம் அவருக்கு முன்னறிவிப்பு இல்லாமலே தெரியும். காலையில் கடலூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் திருமணம், மாலையில் சிதம்பரத்தில் ரிசெப்ஷன் என்று முடிவானது. ஞானஸ்நானச் சான்று, திருமணப் பயிற்சிச் சான்று, மாப்பிள்ளையின் பங்குச் சாமியாரிடமிருந்து ஆட்சேபணையில்லாக் கடிதம் என எல்லாவற்றையும் நானே வாங்கி அடுக்கினேன். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது நிறம் குறித்து யாரும் ஆட்சேபணை எழுப்பவில்லை. ஆட்சேபணை வீட்டுக்குள்தான் இருந்தது.

"புடவை, பிரியாணி, பேண்டு எல்லாம் உங்க இஷ்டம்," என்றாள் பெண். "முகம் மட்டும் என்னோடது. என் கலர்லயே மேக்கப் போடணும்."

"உன் கலர்லயே போடறதுக்கு எதுக்குடி மேக்கப்?" என்றாள் என் தம்பி மனைவி.

அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதாகவே அவள் நினைத்தாள். அவள் எங்களைவிட ஒரு படி கூடுதல் கறுப்பு. அவள் கல்யாண ஆல்பம் வந்த நாளில் என் சித்தி அதைப் புரட்டிவிட்டு, "போட்டோவ கழுவ மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். காபித் தட்டோடு நின்றிருந்த புதுப்பெண்ணும் சிரித்தாள். சித்தி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது, வாக்கியம் போகவில்லை. தன் மகள் ஆல்பத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை. அதை அவள் ஒருநாளும் அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கிரீம் வாங்கினாள்.

பரங்கிப்பேட்டையில் இருக்கும் அவளுடைய பள்ளித் தோழி கொடுத்ததாம். "வெளிநாட்டுச் சாமான் அண்ணி. பத்தே நாள்ல பளிச்சுனு ஆயிடுமாம்."

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். தயாரிப்பாளர் முகவரி இல்லை. பேட்ச் எண் இல்லை. சேர்மானம் அச்சிட வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. காலாவதித் தேதி தனியாக ஒட்டிய தாளில் இருந்தது. அதன் கீழே இன்னொரு தாள்.

"நீ போட்டுப் பாத்தியா?" என்றேன்.

"கையில லேசா."

முழங்கைக்குக் கீழே சிவந்து தோல் உரிந்திருந்தது. "பளிச்சுனு ஆனது இதுதானா?" என்று கேட்டு, டப்பாவை மூடிக் குப்பையில் போட்டேன். பேர் தெரியாத வெளுக்கும் கிரீமில் ஸ்டீராய்டும் பாதரசமும் இருக்கும், தோல் டாக்டரிடம்தான் போய் நிற்க வேண்டிவரும் என்று விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பாதரசம் வெள்ளையாத்தான அண்ணி இருக்கும்?" என்றாள்.

புடவைக் கடையில் அடுத்த சுற்று. கோயிலுக்கு வெள்ளைப் பட்டு. விற்பனையாளர் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுத்த வெள்ளை முகத்தை அமுக்கிடும் மேடம், சந்தன கலர்ல போயிடலாம்," என்றார். எனக்குப் புடவைக் கடையில் எல்லா வயதிலும் கிடைத்த ஆலோசனை இதுவே. கறுப்பானவர்கள் சந்தனமோ வெளிறிய ரோஸோ கட்டினால் கண்ணை உறுத்தாது என்று எவரோ எப்போதோ உத்தரவு போட்டிருக்கிறார்கள், அதை இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. உண்மையில் அந்த வெளிறிய நிறங்கள்தான் நம்மைச் சுண்ணாம்பு அடித்தது போல் காட்டும். சுத்த வெள்ளை, கடுகு மஞ்சள், அரக்கு, பாட்டில் பச்சை இவையெல்லாம் கறுப்பு உடம்பில் ஏறினால்தான் உயிர் பெறும். கடையிலிருந்த ஒரு வெள்ளைப் பட்டை எடுத்து அவள் தோளில் போட்டேன். விற்பனையாளர் தானாகவே பில் புத்தகத்தை எடுத்தார்.

மேக்கப்புக்குச் சிதம்பரத்தில் ஒரு பெண்ணைப் பிடித்தோம். ஏர்பிரஷ், எச்டி, கிளாஸ் ஸ்கின் என்று விலைவாரியாகப் பேக்கேஜ்கள். நான் முதலில் டிரையல் கேட்டேன். அதுவும் பார்லர் விளக்கில் வேண்டாம், வாசல் வெளிச்சத்தில். மணிக்கட்டில் தேய்த்துக் காட்டுவதும் வேண்டாம். ஷேடு முகத்தோடும் கழுத்தோடும் சேருகிறதா என்று தாடையோரத்தில்தான் பார்க்க வேண்டும். அவள் பெட்டியைத் திறந்தாள். பால், பால் கூடிய டீ, ஸ்ட்ராங் டீ என்று வரிசை போய் அங்கேயே நின்றுவிட்டது.

"இதுக்குக் கீழ?" என்றாள் என் தம்பி மகள்.

"இதுக்குக் கீழ யாரும் கேக்கறதே இல்ல மேம். கேட்டாத்தான வாங்கி வெக்க முடியும்?"

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இன்டென்ட் என்ற தேவைப் பட்டியலில் போடாத பொருளை எந்த ஸ்டோரில் எதிர்பார்க்க முடியும்? எங்கள் பெண் ஆன்லைனில் தேடி, இரண்டு பாட்டிலைத் திருப்பி அனுப்பி, கடைசியில் தன் தாடையில் தடவினால் மறைந்துபோகும் ஒன்றைப் பிடித்தாள். அந்த பாட்டிலை மேக்கப் பெண்ணிடம் ஒப்படைத்தோம். அத்துடன் விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

கல்யாணத்தன்று காலை பங்கு மண்டபத்தில் அலங்கார அறை ஒன்றுதான். பத்து மணிக்கு எங்கள் திருமணம், அடுத்து இன்னொரு குடும்பத்தினுடையது. அந்தப் பெண்ணும் அதே அறையில்தான் தயாராக வேண்டும், இன்னும் வந்து சேரவில்லை. இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. மேக்கப் முடியும்வரை மணப்பெண் கண்ணாடி பார்க்கக் கூடாது. கண்ணாடிமேல் ஒரு சால்வையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். கடைசியில் வீடியோக்காரர் கேமராவை வைத்துக்கொண்டு சால்வையை இழுப்பார். அதற்கு 'ரிவீல்' என்று பெயர். சாட்சிகளின் ஆதார் நகலைக் கொடுக்க நான் கோயில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ரிவீலுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முகம் மட்டும் புதுச்சேரியைத் தாண்டிப் பிரான்சுக்குப் போயிருந்தது. கைகள் கடலூரிலேயே இருந்தன.

என் தம்பி மனைவி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். முதல் நாளே மேக்கப் பெண்ணுக்குப் போன் போட்டு, ரெண்டு ஷேடு ஏத்திடு, அவகிட்ட சொல்லாத என்று சொல்லியிருக்கிறாள்.

"மேடம், கண்ணாடி பாத்ததும் வாயில கை வைங்க," என்றார் வீடியோக்காரர். "அப்பறம் லேசா அழுங்க. ஜாஸ்தி வேணாம், கரையும்."

"கரையாது சார், வாட்டர்ப்ரூஃப்," என்றாள் மேக்கப் பெண் பெருமையோடு.

சால்வை விழுந்தது. பெண் வாயில் கை வைக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "அத்தை, யாரு இது?"

"தேவதை மாதிரி இருக்கடி," என்றாள் அம்மா.

"தேவதை இருக்கட்டும்மா. நான் எங்க?"

"லைட்டு போட்டா எல்லாம் செட்டாயிடும். நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத."

அவள் ஆரம்பிப்பதற்குள் கதவைத் தட்டிவிட்டு என் தம்பி உள்ளே வந்தான். மகளைக் கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போக வேண்டியவன். புதுக் கோட்டு, புது ஷூ. நாற்காலியில் இருந்த மணப்பெண்ணைப் பார்த்ததும் தயங்கி, இரண்டு கைகளையும் கூப்பினான்.

"வாழ்த்துக்கள்ம்மா. அடுத்த கல்யாணமா? நல்லா இருக்கணும்." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "பாப்பா எங்க? சாமியார் கேக்கறாரு," என்றான்.

"அப்பா," என்றாள் பெண்.

குரல் எங்கிருந்து வருகிறது என்று அவன் தேடினான். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"நாந்தான்ப்பா."

அருகில் வந்து குனிந்தான். சிரிப்பதற்காக அவன் நடிக்கவில்லை. அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. "என்னா பாப்பா," என்றான் மெதுவாக, "உடம்பு சரியில்லியா?"

வீடியோக்காரருக்குத் தோள் குலுங்கியது. அவரை வெளியே அனுப்பினேன். பெண் அழவில்லை. அவள் அம்மாதான் பொத்தென்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அந்த வெள்ளை முகத்தையும் மடியில் கிடந்த கறுத்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெத்த அப்பனுக்கே தெரியலியே," என்றாள். மேக்கப் பெண்ணிடம், "அழிச்சிடும்மா."

"மேம், அது பன்னெண்டு மணி நேரம் அசையாது."

உண்மைதான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், வாழையிலையில் விழுந்தது போல் உருண்டு ஓடியது. அழிக்கிற திரவம் சாயங்கால ரிசெப்ஷனுக்கான பெட்டியோடு சிதம்பரம் போய்விட்டது. இதற்கும் ஒரு முறை உண்டு. வாட்டர்ப்ரூஃப் சாயத்துக்கு முதலில் எண்ணெய், பிறகுதான் ஃபேஸ்வாஷ். மண்டபச் சமையலறையில் விசாரித்தால் நெய் தருவதாகச் சொன்னார்கள். பெண்ணைப் பிரியாணி வாசனையோடு பீடத்துக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. அப்போது அவள் அம்மா தன் பையைக் கவிழ்த்து, தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. தானே பஞ்சில் நனைத்து மகளின் நெற்றியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

நேரம்தான் சிக்கல். சாமியார் தாமதத்தைப் பொறுப்பவர் அல்லர். அந்த வேளையில் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. பெண் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோச்சுக்காத. ஆலப்பாக்கத்துக்கிட்ட ரோட்ட தோண்டி வெச்சிருக்காங்க. வேன் நகரவே மாட்டேங்குது. அரை மணி ஆயிடும்."

"மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல."

வேன் இரைச்சலுக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார். "ஏன்? மனசு கினசு மாறிடுச்சா?"

"மனசு அப்படியே இருக்கு. முகந்தான் மாறிடுச்சு. திருப்பி எடுத்துகினு இருக்கேன்."

அந்தச் சாலையை நான் சர்வீஸ் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அன்று ஒருநாள் அதற்கு நன்றி சொன்னேன்.

மேக்கப் பெண் இந்த முறை எங்கள் பாட்டிலைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மறைக்க ஆரஞ்சுப் பூச்சு, அதன்மேல் அந்த ஷேடு, கன்னத்தில் தங்கப் பொடி, உதட்டில் அரக்கு. வெள்ளைப் பவுடர் டப்பாவை நான் முன்னெச்சரிக்கையாகக் கைப்பற்றி வைத்திருந்தேன். முடித்துவிட்டு அவள் ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

"கழுத்துல கோடே தெரியல மேம்," என்றாள் ஆச்சரியத்தோடு. தன் போனில் மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு பாட்டிலைத் திருப்பி ஷேடு எண்ணையும் எடுத்துக்கொண்டாள்.

பெண் எழுந்து நின்றாள். வெள்ளைப் பட்டு, தலையில் வெள்ளை வலை முக்காடு, நடுவில் அந்தக் கறுத்த முகம் மினுமினுத்தது. என் தம்பி வாசலில் கையை நீட்டியபடி அவளை இன்னொரு முறை உற்றுப் பார்த்து உறுதி செய்துகொண்டான். பாவம், ஒருமுறை ஏமாந்தவன். கோயிலுக்குள் அவர்கள் நடந்தபோது பக்கத்தில் இருந்த உறவுக்காரி ஒருத்தி என் காதில், "பார்லர் ஆளு வரலியா?" என்று கேட்டாள். "வந்தாங்க. திறமையான ஆளு," என்றேன். முன் வரிசையில் என் தம்பி மனைவி திரும்பவே இல்லை. மகளின் முகத்தைத் துடைத்த கையாலேயே தன் கண்ணையும் துடைத்திருந்ததால், அவளுடைய சொந்த மேக்கப் ஒரு கன்னத்தில் மட்டும் காணாமல் போயிருந்தது.

மாலை சிதம்பரத்தில் பெண் கடுகு மஞ்சளில் அரக்குக் கரை வைத்த பட்டு உடுத்தி மேடையில் நின்றாள். கூட்டம் குறைந்த நேரத்தில் அவள் அம்மா போட்டோக்காரரை ஓரமாக அழைத்துப் போவதைப் பார்த்தேன். இன்னொரு சதியோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, ஆல்பத்துல பாப்பாவுக்குக் கலர் ஏத்தாத. அவ எப்படி இருக்காளோ அப்படியே வரணும்."

"எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான் மேடம். தானா ஏறிடும்."

"தானா எறக்கு. அவ கலர் ஒரு பொட்டு மாறுனாலும் ஆல்பத்தத் திருப்பி அனுப்பிடுவேன்."

"சரி மேடம்."

அவள் கம்பீரமாகத் திரும்பி நாலடி நடந்தாள். நின்றாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மட்டும் ஒரு அரை ஷேடு."