பவளம் போட்ட குட்டிகள்

மனைவி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபிறகு வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். அதில் ஒரே ஒரு பவளம். சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் ஆரஞ்சுமாக நாற்பது பூ விரியும். சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிட்டால், சாப்பாடு, மழை என்று இரண்டு பேச்சு. மூன்றாவது பவளம்தான். அது போய்விட்டால் பேச என்ன இருக்கும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஒருநாள் பூக்களுக்கு நடுவே அதே நிறத்தில், ஓரத்தில் அதே குஞ்சத்தோடு ஐந்து சின்னவை தெரிந்தன.

“பவளம் குட்டி போட்டிருக்கு,” என்றேன்.

“குட்டி போடுமாக்கும்? சும்மா இருங்க.”

“அஞ்செண்ணம். வேணும்னா எண்ணிப் பாரு.”

சிரித்தாள். கூட வேலை செய்பவர்களிடமும் சொன்னாளாம்.

அதன்பிறகு தினமும் சில பூக்கள் விரியவில்லை. உப்பு கூடிவிட்டதோ, என் கையில் சோப்பு இருந்ததோ என்று தூக்கம் போயிற்று. குளச்சலிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்து தரும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார்.

“மக்கா, ஒனக்க குட்டி நடக்குதுலே.”

நடந்தது.

“ஓடு இல்லாத நத்தையாக்கும். பாசி திங்கதும் உண்டு, மத்தது திங்கதும் உண்டு. இது எதுன்னு எனக்குத் தெரியாது.”

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். இணையத்தில் இருந்த ஆங்கிலம் புரியவில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளரில் கடல்நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நத்தையை விட்டேன். ஒன்றில் பாசி. மற்றதில், மனசில்லாமல் வெட்டிய ஒரு பூ. மறுநாள் பாசி அப்படியே இருந்தது. பூவில் அடித்தண்டு மட்டும் மிச்சம். தின்றதன் நிறம் நத்தையின் உடம்பில் ஏறியிருந்தது. குட்டி என்று நான் நம்பியது அந்த நிறத்தைத்தான்.

பவளத்தை எடுத்துக் கடல்நீர் நிறைந்த வெள்ளைப் பாத்திரத்தில் உதறினேன். பதினான்கு விழுந்தன. பவளத்தின் அடியில் சுருள்நூல் மாதிரி அதன் முட்டை. பழைய பல்துலக்கியால் சுரண்டினேன்.

சாயங்காலம் கேட்டாள்: “குட்டியெல்லாம் வளந்துட்டுதா?”

வளர்ந்துவிட்டன என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

“பூ எத்தனை மிச்சம்?”

“பதினொண்ணு. ஒண்ணும் விரியல்ல.”

“காட்டுங்க.”

போனைத் தொட்டிப்பக்கம் திருப்பிப் பிடித்தேன். வார்டில் அவளைக் கூப்பிடும்வரை இரண்டுபேரும் பேசாமல், மூடிக்கிடந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.