சிக்னலில் என் வலது கால்

எங்கள் வீட்டுக்கு ஃபைன் வருவது புதிய விஷயம் இல்லை. என் கணவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். போடிமெட்டு மலை வளைவுகளை ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து ஏறி இறங்கியவர். அப்பேர்ப்பட்ட மனிதரைத் தேனியில் ஒரு கம்பத்தில் தொங்கும் விளக்கு நிறுத்திவிட முடியுமா? சிக்னலில் நிற்காமல் போனதற்காக அவருடைய பைக்குக்கு மூன்று தடவை செல்போனில் அபராத மெசேஜ் வந்தது. மூன்று தடவையும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"கேமரா கோளாறு."

நான் கார் ஓட்ட ஆரம்பித்ததும் அதே கேமராவுக்குக் கோளாறெல்லாம் சரியாகிவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கும் பொருந்தும். கார் அவர் பெயரில் இருக்கிறது. அதனால் நான் செய்யும் தப்பும் அவர் போனுக்குத்தான் போகும். முதல் நாள் சாவியைக் கொடுக்கும்போதே ஒப்பந்தம் போட்டார்.

"ஒரு ஃபைன். ஒரே ஒரு ஃபைன் என் போனுக்கு வரட்டும். அன்னைக்கே சாவி என் கைக்கு வந்துறணும். சம்மதமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாது எனக்கு. "சம்மதம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சாவி எனக்கு என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் கடமலைக்குண்டில் பள்ளி ஆசிரியை. பல வருஷம் தேனியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் திருத்தாத நோட்டுகளுமாக நின்றபடியே போய் வந்தவள். கார் வந்தபின் காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் நான் தனியாக இருந்தேன். சாப்பாடு ஆச்சா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சட்னியில் உப்பு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் கண்ணாடியை இறக்கிவிட்டு வாய்விட்டுப் பாடுவேன். சுருதி சேராது. சேராவிட்டால் யாருக்கு நஷ்டம்? ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆகவே சட்டத்தை நான் சாமி மாதிரிக் கும்பிட்டேன். சீட் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக்கே போவேன்.

மதுரை ரோடும் கம்பம் ரோடும் பெரியகுளம் ரோடும் சேருகிற இடத்தில் ஒரு சிக்னல் உண்டு. ரொம்ப காலம் அதில் மஞ்சள் விளக்கு மட்டும் போவோர் வருவோரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பிறகு சிவப்பும் பச்சையும் எரிய ஆரம்பித்தன. கேமராவும் வந்தது. ஆனால் எங்கள் ஜனங்களுக்குக் காக்கிச் சட்டை நின்றால்தான் அது சிவப்பு. நிற்காவிட்டால் அது வெறும் விளக்கு. கேமராவுக்குப் பயந்தவர்களும் நிற்க மாட்டார்கள், நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு போவார்கள். பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்த ஒரு அம்மா ஜவுளிக்கடைப் பையைப் பின்னால் தொங்கவிட்டு நம்பரை மறைத்த லாவகத்தை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குப் பள்ளி முடிந்து வந்தபோது சிக்னலில் போலீஸ்காரர் இல்லை. சிவப்பு எரிந்தது. தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்தினேன். நியூட்ரலில் போட்டு, பிரேக்கில் காலை வைத்து, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினை அணைத்தேன்.

நான் செய்த ஒரே தப்பு அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டு பக்கமும் பைக்குகள் என்னைத் தாண்டிப் போயின. போகும்போது என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். பின்னால் ஒரு பஸ் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. எதிரே டீக்கடை. டீ மாஸ்டர் பால் சட்டியை விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"என்னக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லண்ணே, சிக்னல் போட்டிருக்கு."

"அதான் போலீசு இல்லையேக்கா."

அதற்குள் ஒரு ஆட்டோக்காரர் ஜன்னலில் தலையை விட்டார். "எஞ்சின் சத்தமே இல்ல. பேட்டரி போயிருச்சு. ஏலே, இங்கன வா, ஒரு கை குடு!" வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த ஒரு லோடுமேன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

எங்கள் பக்கத்து ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் தினமும் ஜீப்பில் ஏறி எஸ்டேட் வேலைக்குப் போகிற ஊர் இது. மலை ரோட்டில் ஒரு வண்டி நின்றால் அதைத் தள்ளிவிடாமல் தாண்டிப் போகிறவன் மனுஷனே இல்லை. மழையில் ஜீப்பைத் தள்ளி, லாரியைத் தள்ளி, கல்யாணப் பார்ட்டி வேனைத் தள்ளிப் பழகிய கைகள். நிற்கிற வண்டியைக் கண்டால் அந்தக் கைகள் சும்மா இருக்காது. வண்டி தானாக, விருப்பப்பட்டு நிற்கும் என்பது அவர்கள் கேள்விப்படாத சங்கதி.

"நான்தான் ஆஃப் பண்ணினேன்" என்று கத்தினேன். பஸ் ஹாரனில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பயப்படாதீக டீச்சர். பிரேக்குல இருந்து கால மட்டும் எடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார், பின்சீட்டு நோட்டுக்கட்டைப் பார்த்துவிட்ட ஆட்டோக்காரர்.

எடுத்தேன்.

கார் கோட்டைத் தாண்டியது. சிவப்பில் இன்னும் நாற்பது எண் பாக்கி இருந்தது. நடுரோட்டில் மூன்று பேரும் ஒரே குரலில் "ஏலேலோ" போட்டார்கள். எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இப்ப சாவியப் போடுங்கக்கா" என்றார்கள். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது. தாங்களே ரிப்பேர் பார்த்தது போல அவர்களுக்கு ஒரே பெருமை. டீ மாஸ்டர் ஒரு டீ குடிக்காமல் என்னை விடவில்லை. குடித்துவிட்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் மாலை என் கணவர் போடியிலிருந்து வந்தார். ஏலக்காய் விலை ஏறினால்கூட அப்படி ஒரு முகம் இருக்காது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனை நீட்டினார். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதம், எங்கள் கார் நம்பர். மெசேஜைப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு கையையும் நீட்டிவிட்டார், சாவிக்கு.

கம்பியைப் பிடித்து நின்ற பழைய வலி தோள்பட்டையில் அப்போதே வந்துவிட்டது.

"நான் மீறல. என்னைத் தள்ளுனாக. சாட்சி இருக்கு. போலீஸ்ல போய்க் கேக்கிறேன். அவுகளே என் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும் பாப்போம்" என்றார். சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார். வேடிக்கை பார்க்க அவரும் கூடவே வந்தார்.

சாட்சிகள் மூவரையும் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. லோடுமேன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். போக்குவரத்துப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு ஏட்டம்மா முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். போட்டோவைத் திறந்தார். பின்பக்கமிருந்து எடுத்த படம். மேலே சிவப்பு விளக்கு, கீழே என் கார், காரின் பின்னால் மூன்று முதுகுகள், அவற்றின் இடைவெளியில் தெளிவாக என் நம்பர்.

"நாங்கதாம்மா தள்ளுனோம்" என்றார் டீ மாஸ்டர். "எங்க கை படாம இந்த வண்டி ஒரு இஞ்சு நகந்திருக்காது."

"சிகப்பு எரியுறப்பயா தள்ளுனீக?"

"விளக்க யாரும்மா பாத்தா? வண்டியத்தான பாத்தோம்."

ஏட்டம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "அப்ப மூணு பேரும் பேரு, ஊரு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"நான் கைய மட்டுந்தாம்மா வச்சேன், தள்ளுனது அவுக ரெண்டு பேரும்" என்றார் ஆட்டோக்காரர். லோடுமேனுக்கு லாரி வரும் நேரமாகிவிட்டது. டீ மாஸ்டருக்கு அடுப்பில் பால் பொங்கும் ஞாபகம் வந்தது. அரை நிமிஷத்தில் அந்த அறையில் ஏட்டம்மாவும் நானும், சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலில் நின்ற என் கணவரும்தான் மிச்சம்.

ஏட்டம்மா படத்தைப் பெரிதாக்கினார். என் காரின் பின்விளக்கில் விரலை வைத்தார்.

"டீச்சர், பிரேக்க மிதிச்சா இங்கன சிகப்பா எரியும்ல?"

"ஆமா."

"எரியலையே."

ஏட்டம்மா கம்ப்யூட்டரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூணு ஆளு என்ன, முப்பது ஆளு தள்ளுனாலும் நீங்க மிதிச்சிருந்தா வண்டி அங்கனயே நின்னுருக்கும். ஏன் கால எடுத்தீக?"

"எடுக்கச் சொன்னாக" என்றேன்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்வது போல அது என் வாயிலிருந்து வந்தது. ஏட்டம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, பஸ் ஹாரனையும் டீ மாஸ்டரையும் நான் இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். காலை எடுத்தது நான். போன வருஷம் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தபோது, வேண்டாம் என்று எழுதிக் கொடு என்றார்கள் வீட்டில். எழுதிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அப்போதும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

அபராதத்தைக் கட்டினேன். ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்தேன். வெளியே வந்ததும் அவர் கையை நீட்டினார்.

"வீடு வரைக்கும் நான் ஓட்டுறேன்" என்றேன். பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறினார்.

அதே சிக்னல். சிவப்பு. அன்றைக்கும் போலீஸ்காரர் இல்லை. கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பஸ் ஹாரன் ஆரம்பித்தது. முறைதவறாமல் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். வேறு ஆட்கள், அதே கைகள். "என்னக்கா, வண்டி நின்னுருச்சா?"

"ஏய், ஊரே பாக்குது. கால எடு, தள்ளிவிட்ருவாக" என்றார் என் கணவர்.

"சிகப்பு எரியுது."

"கால எடுன்னா!"

நான் எடுக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள். கார் கொஞ்சம் ஆடியது, நகரவில்லை. "கல்லு கில்லு மாட்டிருச்சாலே?" என்று ஒருவர் குனிந்து டயரைப் பார்த்தார். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார். என் கணவருக்கு மானம் தாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார், போடிமெட்டில் எத்தனையோ ஜீப்புகளைத் தள்ளிய தோளை என் காரின் முதுகில் கொடுத்தார். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். என் வலது கால் நடுங்கியது. இன்னும் அழுத்தினேன். இருபத்திரண்டு. இருபத்தொன்று. அத்தனை ஆண்பிள்ளைகள் என்னைத் தள்ளியும் நான் நகராமல் இருப்பது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பச்சை விழுந்தது. சாவியைத் திருகினேன். கார் கிளம்பியதும் தள்ளியவர்கள் கைதட்டினார்கள்.

எதிர்ப்பக்கம் ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன். அவர் வியர்த்து விறுவிறுத்து வந்து ஏறினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டா இருந்த?"

"ஆமா."

வீடு வரும் வரை இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தியதும் மறக்காமல் கையை நீட்டினார். "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சாவி."

கைப்பையைத் திறந்து ரசீதை அவர் கையில் வைத்தேன். சாவியை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

"தர மாட்டேன். சொன்ன வாக்க மீறுனதுக்கு என்ன ஃபைனோ போடுங்க, கட்டிர்றேன்."