காரின் தரையில் ஓர் ஓட்டை

கார் கதவைத் திறந்தேன். உட்காரப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பின் சீட்டைக் காணோம். சீட் இருந்த இடத்தில் காரின் தரையையும் காணோம். பெரிய ஓட்டை... அதன் வழியே கீழே கிடந்த ஸ்பேனர் தெரிந்தது!

இது நடந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரம் மேற்கில் கபீர் பாயின் மெக்கானிக் ஷெட். கார் என் நண்பன் டேனியலுடையது. அவன் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய சின்ன கார் அது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட ஒரு வருஷம் பிரிக்கவில்லை. அதைப் போய் வெட்டியிருக்கிறார்கள்!

"என்ன பாய் இது? ஆக்சிடென்ட்டா?"

"இன்னா சார் நீ... ஆக்சிடென்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வண்டி முன் சக்கரத்துல மட்டும்தான் இழுக்கும். இப்ப பின் சக்கரத்தையும் தள்ள வெக்கறோம். நாலு வீலும் வேல செய்யும், ஜீப்பு மாதிரி."

"யார் பண்ணச் சொன்னது?"

"நான்தாண்ணா" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. டேனியல். முகமெல்லாம் கிரீஸ்.

பழைய வேன் ஒன்றின் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலைக் கழற்றி வந்திருந்தார்கள். கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு நீள ஷாஃப்ட், சுழலும் இரும்புத் தண்டு. அது போகத்தான் தரையை வெட்டியது. பெட்ரோல் டேங்க்கூட இடம் மாறியிருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்ன சொல்லுவே?"

"எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வரலை." துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "போன மழை ஞாபகம் இருக்காண்ணா?"



டேனியல் வீடு ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து ரொம்பத் தள்ளி, புது லேஅவுட்டில். மொத்தம் நாற்பது வீடுகள். ரோடு என்பது வரைபடத்தில்தான் உண்டு; மழை வந்தால் எல்லாம் களிமண். போன மழையில் அவன் மனைவி மெர்சிக்குப் பிரசவ வலி. ஏரிக் கால்வாய்த் திருப்பத்தில் காரின் முன் சக்கரம் இரண்டும் சுற்றின, சுற்றின... சுற்றிக்கொண்டே புதைந்தன. பின் சக்கரங்கள் சும்மா நின்றன. கடைசியில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. குழந்தை பிறந்தது, அழவில்லை. கல்லறைக்குப் போகும்போது டேனியல் மடியில் வைத்திருந்த அந்தச் சின்னப் பெட்டியை நான் இன்னும் மறக்கவில்லை.

"அதுக்கு, தாம்பரத்துல ஒரு வீடு பார்த்துக்கிட்டு வந்துடலாமே?" என்றேன்.

"நானும் அதைத்தான் சொன்னேன். 'நாம போயிடலாம், மத்த முப்பத்தொன்பது வீடு?'ன்னு மெர்சி கேட்டா. காரை மாத்தலாம்னு சொன்னதே அவதாண்ணா."

மெர்சியா? செருப்புக் காலோடு அந்தக் காரில் யாரையும் ஏறவிடாத மெர்சியா!

தரையை மூடி, பின் சீட்டையும் மாட்டி வேலை முடிந்ததும் கபீர் பாய் கியருக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த ஒரு லீவரைக் காட்டினார். "சார், இது சேத்துக்கு மட்டும்தான். திரும்பறப்ப முன் வீலு ஒரு கணக்குல சுத்துது, பின் வீலு வேற கணக்குல சுத்துது. சேறுன்னா வழுக்கிக்கினு போயிடும். தார் ரோட்ல போட்டுகினு போனா கியர் பொட்டி உடைஞ்சி பேஜாராயிடும்."

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேனியல் வீட்டில் சாப்பாடு. மூன்று நாள் விடாத மழை. சாம்பார் சாதத்தில் கை வைத்தேன். வாசலில் யாரோ ஓடி வரும் சத்தம். பக்கத்து மனையில் கட்டட வேலை பார்க்கும் ஏழுமலை.

"சார்... எம் பொண்டாட்டி லட்சுமிக்கு வலி எட்த்துக்கிச்சி சார். ஆட்டோக்காரன் உள்ள வரமாட்டேன்றான்."

மெர்சி கையைக்கூடக் கழுவவில்லை. லட்சுமியைப் பின் சீட்டில் ஏற்றி, தன் மேல் சாய்த்துக்கொண்டாள். ஏழுமலை அந்தப் பக்கம். நான் முன்னால்.

கால்வாய்த் திருப்பம் வந்தது. முன் சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. டேனியல் லீவரை இழுத்தான். பின்னாலிருந்து யாரோ முட்டுக் கொடுத்த மாதிரி ஒரு தள்ளு... கார் உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது! பின்னால் மெர்சி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

மெயின் ரோடான ஜி.எஸ்.டி. ரோட்டில் பறந்தோம். வண்டலூர் தாண்டியாயிற்று. வண்டி என்னவோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. யாருக்கு அது உறைத்தது? பெருங்களத்தூரில் நின்றிருந்த ஒரு லாரியைச் சுற்ற டேனியல் ஸ்டியரிங்கை ஒடித்தான்.

டமார்!

கார் நின்றது. கீழே ஆயில் ஓடியது. அப்போதுதான் பார்த்தேன். லீவர் போட்டபடியே இருக்கிறது. அவனும் மறந்துவிட்டான், நானும் மறந்துவிட்டேன்.

மெர்சி அசரவில்லை. நடு ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினாள். நாங்கள் லட்சுமியைத் தூக்கி ஏற்றினோம். மெர்சியும் ஏழுமலையும் கூடவே ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் விஷயத்தைக் கேட்டதும் விசிலடித்தார். பஸ் வழியில் எங்குமே நிற்காமல் நேரே தாம்பரம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதாம். நானும் டேனியலும் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனோம்.

வராந்தாவில் ஏழுமலை நின்றிருந்தான். "பொம்பள புள்ள சார்!"

டேனியல் கேட்டது ஒன்றுதான்.

"அழுதுச்சா?"

"தொண்ட கிழிய அழுவுது சார்!"

டேனியல் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். மெர்சி பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையில் கை வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வேறென்ன செய்ய?

மறுநாள் கார் மறுபடியும் கபீர் பாய் ஷெட்டில். மெர்சியும் வந்திருந்தாள். உள்ளே கியர் பல்லெல்லாம் தூளாகியிருந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே... "மெர்சி, அதான் ஒரு உயிரைக் காப்பாத்தியாச்சு. இதோட போதும். வண்டியைப் பழையபடி மாத்திடுங்களேன்" என்றேன்.

மெர்சி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஏண்ணா... இன்னும் கார்த்திகை மழை பாக்கி இருக்கே?"