அப்பொல்லோ கோயிலுக்கும் துடக்கு

இலையுதிர்கால விடுமுறைக்குத் துருக்கியின் சிடே என்ற பழைய கடற்கரை ஊருக்குப் போவதென்று, இக்காஸ்ட் நகரில் அக்கா வீட்டு மேசையில் நானும் அக்காவின் கணவரும் திட்டம் போட்டோம். ரோமர் காலத்து அப்பொல்லோ கோயிலின் ஐந்து தூண்கள் அங்கே கடலோரம் நிற்கின்றன. நான் போவதே அதற்காகத்தான். அத்தான் போவது, அள்ள அள்ளக் குறையாத ஹொட்டேல் சாப்பாட்டுக்காக.

முதல்நாள் காலை தூண்களைப் பார்ப்பது என்று எழுதினேன். அத்தான் பேனையை வாங்கி அதை வெட்டினார்.

"கோயிலெல்லே? எங்களுக்குத் துடக்கு."

கனடாவில் அவருடைய பங்காளி ஒருவர் போன கிழமை இறந்துபோனாராம். முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாதாம். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது அத்தான் ஒரு பொங்கலுக்குக்கூட அவருக்குப் போன் எடுத்ததில்லை. அவருக்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை, என் தூண்களின் மேல் விழுந்த அந்தக் கோடுதான்.

"அத்தான், அங்கை கூரையுமில்லை, சாமியுமில்லை, ஐயருமில்லை."

"கோயில் கோயில்தான். எங்கடை பழக்கவழக்கத்தை விடேலாது."

"அப்ப துடக்குக்கு மச்சம் மாமிசமும் சாப்பிடேலாது. உங்கள் ரண்டு பேருக்கும் மரக்கறி எண்டு ஹொட்டேலுக்கு இப்பவே எழுதிவிடுறன்."

அக்கா தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி இருந்தாள். அத்தான் கைபேசியில் திறந்திருந்த ஹொட்டேலின் ஆட்டிறைச்சிப் படத்தை ஒருமுறை பார்த்தார்.

"அவ்வளவுக்குத் தேவையில்லை," என்றார். "அவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தானே."