கேட்டைத் திறக்காத பங்களா

குடும்ப வருமானக் கணக்கெடுப்புக்காக அரசாங்கம் என்னைக் கேமரன் மலைக்கு அனுப்பியபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். உட்காரவைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். கியா பார்ம் என்ற ஊருக்கு மேலே இருந்த ஒரு பங்களாதான் கேட்டைத் திறக்கவில்லை.

அது ஒரு காய்கறித் தோட்ட முதலாளியின் வீடு. வரி போடத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து, ஆள் இல்லை என்றே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மறுத்துவிட்டதாகக் குறித்துவிட்டு வரும்படி என் மேலதிகாரி சொன்னார். எல்லா நாடுகளிலும் பணக்கார வீடுகள் இப்படித்தான் நழுவும் என்றார். எனக்கு அதுதான் உறுத்தியது. வசதியானவர்கள் வாய் திறக்காவிட்டால், ஏற்றத்தாழ்வு குறைந்த நாடு என்று உலகப் பட்டியலில் நம் பெயர் அழகாக ஏறிவிடும். லைன் வீடுகள் அப்படியேதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் மறுபடியும் போனேன். அவரே குடையோடு கேட்டருகே வந்தார்.

"என் வருமானம் உங்களுக்கு எதுக்குமா?"

"பேர் வெளிய போகாது அண்ணே, வரி ஆபீசுக்கும் போகாது. லைன்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. உங்கள விட்டுட்டா, இந்த மலையில எல்லாரும் ஒரே மாதிரி வாழறாங்கன்னு கணக்கு வரும். அது பொய் லா."

அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். தன் அம்மாவும் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்தான் என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தார். உள்ளே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கம்போங் ராஜா ஊரிலிருக்கும் கடையின் வாடகையைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று அவர் மனைவி எடுத்துக்கொடுத்தார். அவர் சிரித்தபடி அதையும் சேர்க்கச் சொன்னார்.

பிறகு அறிக்கை வெளியானது. நாடுகளை ஒப்பிடும் பட்டியலில் நம் நாட்டுக்கு நேரே, ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று சொல்லும் ஓர் எண். கொண்டாடும்படியான எண் அல்ல; ஏற்றத்தாழ்வு அதிகம் என்றே சொன்னது. ஆனாலும் அது பொய் எண் அல்ல; அதை அம்மாவிடம் போனில் காட்டும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இதுல நம்ம வீடு இருக்கா?" என்று கேட்டார் அம்மா.

"கணக்கெடுக்க நம்ம வீட்டத் தேர்ந்தெடுக்கலம்மா. நம்ம மாதிரி வீடுங்க இருக்கு. பங்களாவும் இருக்கு."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த எண்ணை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார்.