கடைசி ஆளுக்கு ஒரு லைட்டு

பெங்களூரு ஆபீஸில் நான் கோலார் தங்க வயல்காரன் என்று சொன்ன முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "அப்போ உனக்கு இருட்டெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறிச் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கியவர் என் அப்பா. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே மைன்ஸை மூடிவிட்டார்கள். நான் இறங்கிய அதிகபட்ச ஆழம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதுவும் கழுவுவதற்காக.

ஆபீஸில் ஒரு கூட்டம் கேன்யனிங் போகும். மலை இடுக்கில் ஓடும் ஓடையோடு நடந்து, அருவி வரும் இடங்களில் கயிற்றில் தொங்கி, நனைந்துகொண்டே கீழே இறங்குகிற விளையாட்டு. கூட்டத்தை நடத்துபவன் அல்சூர்க்காரன், என் வயதுதான். ஒவ்வொரு அருவியிலும் எல்லோரும் இறங்கிய பிறகு ஒருவன் மட்டும் மேலே தனியாக நின்று, கயிற்றைச் சரிபார்த்துவிட்டு வரவேண்டும். "மச்சா, நீ கடைசில வா. கேஜிஎஃப் ஆளு, உனக்கு இன்னா பயம்?" என்று சொல்லிவிட்டு, எனக்கு முந்தின ஆளாக அவன் இறங்குவான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு அருவியில் மற்றவர்கள் எல்லாம் இறங்கிய பிறகு கயிறு கீழே எங்கோ சிக்கிக்கொண்டது. வெளியே வெயில் இருக்கும்போதே அந்த இடுக்குக்குள் இருட்டிவிடும். ஹெல்மெட்டில் மாட்டியிருந்த என் லைட்டு இரண்டு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடி வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. விசில் ஊதினேன், அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. முன்னால் தண்ணீர், பின்னால் பாறை, கால் வைக்க முறம் அளவு இடம். இனி யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். வாய்விட்டு அழுதேன். ஒருவழியாகக் கயிறு தளர்ந்ததும் தடவித் தடவி இறங்கினேன். "லைட்டு போயும் இருட்டுலயே வந்துட்டான் பாரு!" என்று கீழே எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குமேல் நான் என்னத்தைச் சொல்வது?

அன்றிலிருந்து நல்ல லைட்டு தேட ஆரம்பித்தேன். ஊரிலிருந்து பெங்களூரு ஆபீஸுக்குப் போகும் காலை ரயிலில் ஒற்றைக்காலில் நின்றபடி, யாருடைய சாப்பாட்டுப் பையோ விலாவில் இடிக்க, போனில் அதையேதான் பார்ப்பேன். தூறல் தாங்கும் என்று போட்டிருந்தால் அருவிக்கு உதவாது. தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று இருக்கவேண்டும். வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்தேன், அதுவும் தப்பாம். சாரலில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து, எதிரில் வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரியும். அதனால் பரவலாக விழும் மங்கல் வெளிச்சம் ஒன்று வேண்டும், தூரத்துக்குக் கூர்மையாக இன்னொன்று வேண்டும். கையுறை போட்ட விறைத்த விரலுக்குப் பட்டன் தட்டுப்பட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஹெல்மெட்டில் பட்டை வழுக்கும் என்று எவனாவது எழுதியிருப்பான். பட்டை நன்றாக இருந்தால் பேட்டரி மாற்ற முடியாது. ஒவ்வொரு குறை அகப்படும்போதும் எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. லைட்டு இல்லை, ஆகவே வரமுடியாது. இப்படியே இரண்டு பயணங்களைத் தட்டிக்கழித்தேன்.

மூன்றாவது பயணம் வந்தபோது சாக்கு தீர்ந்துவிட்டது. குறை சொல்ல முடியாத ஒன்றை வரவழைத்து, எரியவிட்டு, குடிதண்ணீர் டிரம்மில் அமிழ்த்தி வைத்தேன். என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? கொழாயில தண்ணி எப்ப வரும்னே தெரியல, குடிக்கிற தண்ணியில இன்னாத்த முக்கி வெச்சிருக்கீங்க?"

"உள்ள தண்ணி பூருதான்னு பாக்கறேன்."

"பூந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா, போய்ட்டு வாங்க."

"பட்டன்தான் கொஞ்சம் சின்னதா கீது."

அவள் டிரம்முக்குள் கைவிட்டு லைட்டை எடுத்து, கட்டைவிரலால் அணைத்தாள், திரும்ப எரியவிட்டாள். "நல்லாத்தான் கீது. நீங்க லைட்டு தேடல. போவாம இருக்க வழி தேடறீங்க. தூக்கத்துல நீங்க பெனாத்தறது எனக்குத் தெரியாதா? பயமா இருந்தா அந்த அல்சூர்க்காரருகிட்ட சொல்லித் தொலைங்க. இல்லன்னா நான் சொல்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதுதான் காரணம். அப்பாவும், அவரோடு இறங்கிய அத்தனை பேரும் சம்பாதித்து வைத்த பேரை நான் ஒரே போன் பேச்சில் கெடுக்கப்போகிறேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

"மச்சா, எனக்கு இருட்டுன்னா பயம். அன்னிக்கு மேல நின்னு அழுதேன். இனிமே என்னால கடைசில வரமுடியாது."

சிரிக்கப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"எனக்கும்தான் மச்சா," என்றான். "சின்ன வயசுலேர்ந்து. எதுர்ல இருக்கற இருட்டு பரவால்ல, லைட்டு அடிச்சிப் பாத்துக்கலாம். முதுகுக்குப் பின்னாடி இருக்கு பாரு, அதான் என்னால தாங்க முடியாது. நீ பின்னாடி வரேன்னாதான் நான் எறங்குவேன். நீ வராத ரெண்டு தடவையும் வேற ஏதோ சாக்கு சொல்லி ட்ரிப்பைக் கேன்சல் பண்ணிட்டேன். யாருகிட்டயும் சொல்லிடாத."

விடுதலை கேட்கத்தான் போன் செய்தேன்.

"சனிக்கெழம வருவ இல்ல?" என்றான். அப்படிக் கெஞ்சி அவன் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். சனிக்கெழம போறேன்."

"எத்தினியாவது ஆளா?"

"கடைசி."